பிரெக்சிட் காலத்தில் கட்சியை விட்டுப் போன எம்.பி.க்கள் துரோகிகளா?

கேள்வி இதுதான்: “பிரெக்சிட் (பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுதல்) நேரத்தில் கட்சியை விட்டு வெளியேறிய பிரித்தானிய எம்.பி.க்கள் வாக்காளர்களுக்குத் துரோகம் செய்தவர்கள்தானே? நேர்மை இருந்தால் பதவியைத் துறந்து இடைத்தேர்தலில் நின்றிருக்க வேண்டாமா?”

துரோகம் என்ற சொல்லைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் என்னால் போக முடியவில்லை. 2019இல் அதே சொல்லை நானும் வாங்கினேன். சொன்னவர் என் வீட்டில் எத்தனையோ முறை கை நனைத்த நண்பர்.

நான் வசிப்பது கிழக்கு லண்டனில், இல்ஃபோர்ட் தெற்குத் தொகுதியில். 1992 முதல் 2019 வரை எங்கள் எம்.பி.யாக இருந்தவர் மைக் கேப்ஸ்; தொழிற்கட்சியின் பெயரில் வென்றவர். 2019 பெப்ரவரி 18ஆம் தேதி, நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் கவுண்டி ஹால் கட்டடத்தில் ஏழு தொழிற்கட்சி எம்.பி.க்கள் வரிசையாக வந்து விலகலை அறிவித்தார்கள் அல்லவா, அந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். அடுத்த நாள் எட்டாவதாக ஒருவர் சேர்ந்தார். அதற்கும் அடுத்த நாள் ஆளும் பழமைவாதக் கட்சியிலிருந்து அன்னா சூப்ரி, சாரா வொலஸ்டன், ஹெய்டி ஆலன் என்று மூன்று பெண்கள் வந்தார்கள். மொத்தம் 11 பேர். பிரெக்சிட்டை எதிர்த்தவர்கள்; தங்களைச் சுயேச்சைக் குழு என்று அழைத்துக்கொண்டார்கள். ஆகவே நீங்கள் கேட்பது என் தொகுதியைப் பற்றி, என் வாக்கைப் பற்றி.

உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்கள் இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ இருப்பவர் என்று நினைக்கிறேன். 2018 அக்டோபரில் கொழும்பில் ஒரே இரவில் பிரதமர் மாறினார். பிறகு யார் எந்தப் பக்கம் போனார், அவருக்கு எந்த அமைச்சு கிடைத்தது என்று நாம் நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்தோம். அதைப் பார்த்தே பழகியதால், ஒருவர் கட்சி மாறினார் என்றால் “என்ன வாங்கினார்?” என்ற கேள்விதான் நமக்கு முதலில் வருகிறது. இந்தப் பதினொரு பேர் என்ன வாங்கினார்கள்? விலகியதற்காக ஒருவருக்கும் எந்த அமைச்சுப் பதவியும் கிடைக்கவில்லை. 2019 டிசம்பர் 12 பொதுத்தேர்தலில் சிலர் நிற்கவே இல்லை. நின்றவர்களில் ஒருவர்கூட வெல்லவில்லை. பாதுகாப்பான தொகுதியை வைத்திருந்தவர்கள் அதைத் தெரிந்தே கைவிட்டுப் போனார்கள். துரோகம் என்றால் அதில் ஏதாவது இலாபம் இருக்க வேண்டும்.

என் கதையைச் சொல்லாமல் இந்தப் பதில் விளங்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2010இல் மாணவர் விசாவில் வந்தவன். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்ற 2016 ஜூன் 23 வாக்கெடுப்பின்போது என்னிடம் இருந்தது இலங்கைக் கடவுச்சீட்டுதான். ஆனாலும் பொதுநலவாய நாட்டவன், இங்கே விசாவோடு வசிப்பவன் என்பதால் எனக்கு வாக்கு இருந்தது. என் அக்காவும் அத்தானும் ஜேர்மனியில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, ஜேர்மன் குடிகளாகி, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக 2007இலேயே இல்ஃபோர்டுக்கு வந்துவிட்டவர்கள். அவர்களுக்கு வாக்கு இல்லை. பிரான்சிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே நிலைதான். நான் வாக்குச்சாவடிக்குப் புறப்பட்டபோது அக்கா வாசலில் நின்று, “எங்களைப் பற்றி நடக்கிற தேர்தலில் எங்களுக்குக் குரல் இல்லை. நீயாவது பார்த்துப் போடு தம்பி” என்றாள். மூன்று பேருக்கான வாக்கை ஒரு பென்சிலால் போட்டதுபோல் இருந்தது. முடிவு உங்களுக்குத் தெரியும்: வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1.

2017 தேர்தலில் நான் தொழிற்கட்சிக்காகத் துண்டுப்பிரசுரம் போட்டேன். வேலை முடிந்து மாலை ஆறரை மணிக்கு மேல் ஒரு கட்டுப் பிரசுரத்தை வாங்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவேன். இந்த நாட்டு வீட்டுக் கதவுகளில் கடிதம் போட ஒரு துவாரம் இருக்கும். வெளியே விறைப்பான இரும்பு மூடி, உள்ளே குளிர் புகாமல் இருக்கத் தூரிகை மயிர். மெல்லிய தாளை அதற்குள் தள்ளினால் மடங்கிவிடும். விரலை விட்டுத்தான் தள்ள வேண்டும். இருநூறு வீடு முடிக்கும்போது விரல் மொட்டெல்லாம் தோலுரிந்து எரியும். அந்தக் கட்சியின் மத்தியத் தலைமை வாக்கெடுப்பு முடிவை ஏற்றுக்கொண்டுவிட்டது, நாடாளுமன்றத்திலும் வெளியேறும் நடைமுறைக்கு ஆதரவாக வாக்களிக்கச் சொல்லிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வேட்பாளர் ஐரோப்பாவோடு இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். அவருக்காகத்தான் நான் நடந்தேன். 43 ஆயிரத்துக்கு மேல் வாக்கு வாங்கி வென்றார்.

எனவே 2019 பெப்ரவரியில் அவர் விலகியபோது, “அது கட்சியின் வாக்கு, அவருடையது இல்லை” என்று என் நண்பர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் வாக்கு யாருக்கு விழுந்தது என்று எனக்குத் தெரியாதா? “நீயும் அந்தத் துரோகிகளோடு போ” என்று என் சமையலறையில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. குடிக்காமல் போனார்.

அவருடைய பக்கத்திலும் நியாயம் உண்டு. நான் தொழிற்கட்சிக்கு எதிரி என்று தயவுசெய்து யாரும் கீழே எழுத வேண்டாம். அந்த 43 ஆயிரத்தில் மிகப் பெரும்பாலோர் கட்சிக்குத்தான் போட்டிருப்பார்கள். அதை டிசம்பர் தேர்தலே காட்டியது. சுயேச்சைக் குழுவின் பெயரில் நின்ற கேப்ஸுக்கு 4,000 வாக்குகூட வரவில்லை. டிசம்பர் இருட்டில் நடந்துபோய், நூலில் கட்டிய பென்சிலால் நான் போட்ட பெருக்கல் குறியும் அதில் ஒன்று. வெல்லமாட்டார் என்று தெரிந்தேதான் போட்டேன்.

விலகியவர்கள் எல்லோரும் பிரெக்சிட் என்ற ஒரே காரணத்துக்காகப் போகவும் இல்லை. முதலில் விலகிய ஏழு பேரில் ஒருவரான லூசியானா பெர்கரை எடுத்துக்கொள்ளுங்கள். யூதப் பெண் என்பதற்காக அவருக்கு வந்த மிரட்டல்களுக்காக ஆட்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள். 2018இல் தன் தொகுதி இருந்த லிவர்பூலில் நடந்த சொந்தக் கட்சி மாநாட்டுக்குப் பொலிஸ் பாதுகாப்போடு போக வேண்டியிருந்தது. கட்சிக்குள் யூத வெறுப்பைத் தலைமை அடக்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன முதற்காரணம். சிறுபான்மையாகப் பிறந்து வளர்ந்த நாம் அந்தப் பெண்ணைத் துரோகி என்று சொல்லலாமா? எனக்கு வாய் வராது.

இப்போது இடைத்தேர்தல். இந்த நாட்டில் இந்தியாவைப் போலக் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. எம்.பி. என்பவர் சட்டப்படி தொகுதியின் ஆள். கட்சி மாறினாலும் அடுத்த தேர்தல்வரை இருக்கலாம். ஆனால் தாமாகவே பதவி துறந்து மக்களிடம் திரும்பப் போனவர்கள் இருக்கிறார்கள். 2014இல் டக்ளஸ் கார்ஸ்வெல்லும் மார்க் ரெக்லஸும் பழமைவாதக் கட்சியிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று நின்ற யூகிப் கட்சிக்குப் போனபோது இருவரும் இடைத்தேர்தலில் நின்று வென்றார்கள். அவர்களுடைய கொள்கை எனக்கு அறவே ஆகாது, ஆனால் அந்தச் செயலுக்குத் தலை வணங்குகிறேன். 1981இல் தொழிற்கட்சியை உடைத்துச் சமூக ஜனநாயகக் கட்சிக்கு ஏறத்தாழ முப்பது எம்.பி.க்கள் போனார்கள். அவர்களில் பதவியைத் துறந்து நின்றவர் ஒரே ஒருவர், புரூஸ் டக்ளஸ்-மேன். தொகுதி, இன்று நம் ஆட்கள் நிறைய வாழும் தென் லண்டனின் மிட்சம் (Mitcham). 1982 ஜூனில் அந்த இடைத்தேர்தலில் தோற்றார். நேர்மையாக நடந்தவருக்குக் கிடைத்தது அது. பதினொரு பேரும் அந்த வழியில் போயிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். தோற்றிருப்பார்கள். ஆனால் என் நண்பர் தேநீரைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்.

அவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் வேறு. விலகியவர்கள் ஒன்றாக நிற்கவில்லை. ஏப்ரலில் ‘சேஞ்ச் யூகே’ என்று கட்சியாகப் பதிந்தார்கள். கொடுத்த சின்னத்தைத் தேர்தல் ஆணைக்குழு ஏற்கவில்லை. மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் சின்னமே இல்லாமல் நின்றார்கள். ஒரு இடமும் இல்லை. ஜூன் தொடக்கத்தில் பதினொரு பேரில் ஆறு பேர் பிரிந்து போனார்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் தோல்விக்குப் பிறகு மிச்சமிருந்த கட்சியையும் கலைத்துவிட்டார்கள். இவர்களை நம்பி நட்பைக்கூட இழந்த என்னைப் போன்றவர்களை ஒரு நிமிடம் நினைத்தார்களா என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன்.

உங்கள் கேள்வியில் ஒரு பிழையும் இருக்கிறது. 2019 செப்டம்பர் 3ஆம் தேதி வெளியே போன 21 பழமைவாதக் கட்சி எம்.பி.க்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள் என்றால் அது தவறு. அவர்கள் போகவில்லை, கட்சியால் வெளியேற்றப்பட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தோடு உடன்பாடு இல்லாமல் பிரித்தானியா வெளியேறுவதைத் தடுக்க எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களித்ததற்குத் தண்டனை. 1970 முதல் எம்.பி.யாக இருந்த கென் கிளார்க், ஆறு வாரத்துக்கு முன்புவரை நிதியமைச்சராக இருந்த பிலிப் ஹேமண்ட், சர்ச்சிலின் பேரன் நிக்கலஸ் சோம்ஸ் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். தண்டித்த அன்றைய பிரதமர் பொரிஸ் ஜோன்சன், அதே ஆண்டில் அவருக்கு முன் பிரதமராக இருந்த தெரேசா மேயின் வெளியேற்ற உடன்பாட்டுக்கு எதிராகத் தன் கட்சி அரசையே மீறி இரண்டு முறை வாக்களித்தவர். அவரை யாரும் நீக்கவில்லை. அதே நாளில் ஜோன்சன் பேசிக்கொண்டிருக்கும்போதே பிலிப் லீ என்ற எம்.பி. எழுந்து, எதிர்வரிசைக்கு நடந்துபோய் லிபரல் டெமோக்ரட் உறுப்பினர்களுக்கு இடையில் உட்கார்ந்தார். அந்த ஒரு ஆளோடு அரசின் பெரும்பான்மை போயிற்று. கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த நான் வேலையிடத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்காவிட்டாலும். இந்தச் சண்டையெல்லாம் வெஸ்ட்மின்ஸ்டரில் நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அக்காவும் அத்தானும் இங்கே தொடர்ந்து வாழ விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்தில் அதற்கான அரசின் செயலி ஆண்ட்ராய்டு கைபேசியில் மட்டும்தான் வேலை செய்யும்; என்னுடையதைக் கொடுத்தேன். கடவுச்சீட்டின்மேல் கைபேசியை வைத்து உள்ளே இருக்கும் சிப்பை வாசிக்க வேண்டும். அத்தானின் கை நடுங்கியதால் நாலைந்து முறை பிசகியது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஜேர்மனியில் அகதி மனு கொடுத்த கை அது. அனுமதி கிடைத்தது, ஆனால் கையில் வைத்துக்கொள்ள ஒரு அட்டை கிடையாது; எல்லாம் இணையத்தில். 2021இல் வீடு மாறப் போனபோது வாடகை முகவர் ஒருவர், “அட்டையைக் காட்டுங்கள்” என்று மூன்று முறை கேட்டார். அட்டையே தருவதில்லை என்று அக்கா விளக்கினாள். வீடு வேறு யாருக்கோ போய்விட்டது.

அத்தான் பிரித்தானியக் குடியுரிமை எடுக்கவில்லை. பிரெக்சிட்டுக்குப் பிறகு எடுத்தால் ஜேர்மன் குடியுரிமையை இழக்க வேண்டி வரும் என்பதால் தள்ளிப்போட்டார். ஜேர்மனி இரட்டைக் குடியுரிமையைப் பொதுவாக அனுமதித்தது 2024 ஜூன் கடைசியில்தான். அதற்கு அடுத்த வாரம், ஜூலை 4ஆம் தேதி, இங்கே பொதுத்தேர்தல் நடந்தது. நான் புறப்பட்டபோது இந்த முறை வாசலில் நின்றவர் அவர். “யாருக்குப் போடப்போகிறாய்?” என்று கேட்டார். சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, குடையை எடுத்துக் கையில் கொடுத்தார்.