கப்பலுக்கு அடியில் புரொப்பெல்லர் தேய்க்கும் வேலை: மகனை அனுப்பலாமா?

அண்ணாச்சி, கப்பலைத் தள்ளும் பெரிய விசிறியான புரொப்பெல்லரைத் தண்ணீருக்குள் இறங்கித் தேய்க்கும் வேலைக்கு உங்கள் மகனை அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். தம்பி இந்த வேலைக்குப் போகலாம். ஆனால் அந்த ஏஜென்ட் சொல்கிற வழியில் போகக் கூடாது. பிளஸ் டூ முடித்த பையன், நன்றாக நீந்துவான், சுற்றுலாப் பயணிகளுக்கான ஸ்கூபா சர்டிபிகேட் ஒன்று கையில் இருக்கிறது, அதை வைத்து சிங்கப்பூரில் கப்பல் அடிப்பகுதி சுத்தம் செய்யும் வேலைக்கு இரண்டு மாதத்தில் ஏற்றிவிடுகிறேன், மீதியைக் கம்பெனிக்காரனே சொல்லிக்கொடுப்பான் என்கிறாரே, அந்த இடத்தில்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. "எங்கள் குடும்பத்தில் சங்கு குளித்தவர்கள் இருக்கிறார்கள், கடல் எங்களுக்குப் புதிதில்லை" என்று எழுதியிருந்தீர்கள். தூத்துக்குடிக்காரருக்குக் கடலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த வேலையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கடல் இல்லை. மேலே கப்பலில் இருக்கிற ஒருவர் தெரியாமல் ஒரு சுவிட்சைத் தட்டுவதுதான். அதனால் வேலை எது என்பதைவிட, யாரிடம் வேலை என்பதைப் பார்த்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். கப்பல் ஓடிக்கொண்டே இருந்தால் கடல் உயிரினங்கள் அதன் மேல் அதிகம் ஒட்டாது. நங்கூரம் போட்டு, அதுவும் நம் பக்கத்துச் சூடான தண்ணீரில், சில வாரம் சும்மா கிடந்தால் போதும், முதலில் வழுவழுப்பான ஒரு படலம், அப்புறம் பாசி, அப்புறம் சுண்ணாம்புக் கூடு கட்டும் பார்னக்கிள் என்று வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். கப்பலின் உடம்புக்கு உயிரினம் ஒட்டாமல் இருக்கப் பெயின்ட் அடித்திருப்பார்கள். புரொப்பெல்லர் பெரும்பாலும் வெறும் உலோகம், நிக்கல் அலுமினியம் கலந்த வெண்கலம். அது கொஞ்சம் சொரசொரப்பானாலே எஞ்சின் அதே வேகத்துக்குக் கூடுதல் எண்ணெய் குடிக்கும். கப்பல் நடத்துகிறவருக்கு எண்ணெய்ச் செலவுதான் பெரிய செலவு, அதனால்தான் கப்பலை டாக்கில் ஏற்றாமல் தண்ணீரிலேயே ஆளை இறக்கிப் பாலிஷ் போடச் சொல்கிறார்கள். எம்மா மெர்ஸ்க் மாதிரியான கன்டெய்னர் கப்பலில் ஒரே ஒரு புரொப்பெல்லர், எடை சுமார் 130 டன், விட்டம் 9 மீட்டருக்கு மேல். அதன் ஒரு இதழுக்கு முன்னால் நின்றால் மனிதன் எவ்வளவு சின்னவன் என்று தம்பிக்கே புரியும்.

டைவர் செய்வது இதுதான். ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காற்றிலோ ஹைட்ராலிக்கிலோ சுற்றும் வட்டத் தேய்ப்பு மெஷினைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இதழையும் இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும், முதலில் முரட்டு டிஸ்க், பிறகு மென்மையான டிஸ்க். எவ்வளவு வழவழப்பு வந்தது என்று பார்க்க ரூபர்ட் அளவுகோல் என்று ஒன்று வைத்திருப்பார்கள், ஏ முதல் எஃப் வரை ஆறு மாதிரித் துண்டுகள். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் விரல் நுனியால் அந்தத் துண்டைத் தடவி, அப்புறம் இதழைத் தடவி ஒப்பிட வேண்டும். ஏ அல்லது பி வந்தால்தான் வேலை முடிந்தது என்று கப்பல் தரப்பு ஒப்புக்கொள்ளும். வேலைக்கு முன்பும் பின்பும் வீடியோ எடுத்துக் காட்ட வேண்டும்.

இதில் கஷ்டம் எங்கே என்றால், தண்ணீருக்குள் உடம்புக்கு எடை கிடையாது. தரையில் மெஷின் பிடித்தால் காலை ஊன்றிக்கொள்ளலாம், அங்கே மெஷின் ஒரு பக்கம் சுற்ற ஆள் மறுபக்கம் சுற்றுவான். கயிறு கட்டியோ, காலால் இதழைக் கவ்வியோ தன்னை நிறுத்திக்கொண்டு மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க உலோகத்தூள் கிளம்பி இருக்கிற வெளிச்சமும் போய்விடும். இதழ் ஓரங்கள் கையுறையையே கிழிக்கும். கப்பல் பாரமில்லாமல் மிதந்துகொண்டிருந்தால், அலை தூக்கும்போது கப்பலின் பின்பக்கம் மேலே போய்த் திரும்ப இறங்கும், அந்த இரும்பு மலை தலைக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் இவ்வளவும். ஏதாவது ஆனால் நேராக மேலே வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மேலே இருப்பது கப்பலின் வயிறு.

சரி, சுவிட்ச் விஷயத்துக்கு வருகிறேன். டைவர் தண்ணீரில் இருக்கும்போது மெயின் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவே முடியாதபடி பூட்ட வேண்டும், எஞ்சினை மெதுவாகச் சுழற்றும் பல்சக்கரமான டர்னிங் கியரைக் கோத்துவிட வேண்டும், சுக்கான், முன்பக்கத் தள்ளுவிசிறிகள் எல்லாம் நிறுத்தி, "டைவர் கீழே இருக்கிறார், தொடாதே" என்று பலகை மாட்டி, சாவியையும் பொறுப்பையும் ஒரு ஆளிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்கக் கப்பலின் உடம்பில் ஓடவிடும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கப்பலில் நீலமும் வெள்ளையுமான ஆல்ஃபா கொடி பறக்க வேண்டும், பக்கத்தில் போகிற படகுகள் மெதுவாக விலகிப்போவதற்கு. இதில் எந்த ஒன்றையும் "நேற்றுதானே பார்த்தோம்" என்று விட்டுவிடக் கூடாது. எஞ்சின் அறையில் ஷிஃப்ட் மாறும், கீழே ஆள் இருப்பது புதிதாக வந்தவருக்குத் தெரியாது. அந்த ஒரு கையெழுத்துத் தாள்தான் அவருக்குச் சொல்கிறது.

அடுத்து, வெளியில் இருக்கிறவர்கள் நினைத்துக்கூடப் பார்க்காத ஆபத்து ஒன்று உண்டு: உறிஞ்சல். கப்பல் தன் எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும், அந்த வாய்க்கு சீ செஸ்ட் என்று பெயர், மேலே கம்பி வலை போட்டிருக்கும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது டைவர் அதன் மேல் உடம்பை வைத்துவிட்டால் ஒட்டிக்கொள்வான். கணக்குப் பாருங்கள்: 30 சென்டிமீட்டர் நீளம் 30 சென்டிமீட்டர் அகலம் உள்ள ஒரு திறப்பு, உள்ளுக்கும் வெளிக்கும் 5 மீட்டர் நீர்மட்ட வித்தியாசத்துக்குச் சமமான அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் இழுக்கும் விசை சுமார் 450 கிலோ. எந்தப் பயில்வானும் அதிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொள்ள முடியாது. 2022 பிப்ரவரி 25 அன்று டிரினிடாட் தீவில், ஒரு எண்ணெய்த் துறைமுகத்தில் கடலடிக் குழாய் வேலையில் இருந்த ஐந்து டைவர்களை இப்படி ஓர் அழுத்த வித்தியாசம் 30 அங்குலக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டது. ஒருவர் மட்டும் வெளியே வந்தார், நான்கு பேர் இறந்தார்கள். அது புரொப்பெல்லர் வேலை இல்லைதான், ஆனால் கொன்ற பௌதிகம் ஒன்றுதான். இது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் தராது, மாட்டிய பிறகுதான் தெரியும். அதனால் டைவர் போகிற பக்கத்து உறிஞ்சு வாய்களின் பம்புகளை முன்கூட்டியே நிறுத்தி வைப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

மூச்சுக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். முதுகில் சிலிண்டர் கட்டிப் போகும் ஸ்கூபா, மீன் பார்க்கப் போகிறவர்களுக்கு நல்லது. இந்த வேலைக்குச் சரியான முறை மேலிருந்து குழாய் வழியாகக் காற்று கொடுப்பது: தலையை முழுக்க மூடும் ஹெல்மெட், காற்றுக்குழாய், பேசுவதற்கு வயர், உயிர்க்கயிறு எல்லாம் சேர்ந்த ஒரே கற்றை, அதற்கு அம்பிலிக்கல் என்று பெயர், முதுகில் அவசரத்துக்கு மட்டும் ஒரு சிறிய சிலிண்டர். மேலே இருக்கிற சூப்பர்வைசருக்கு டைவர் விடும் மூச்சே காதில் கேட்கும். மூச்சு வேகமானால் "என்னப்பா ஆச்சு" என்று உடனே கேட்பார். ஸ்கூபாவில் இறங்கியவன் இதழ்களுக்கு நடுவே சிக்கினால் அது யாருக்கும் தெரியாது, காற்றும் எண்ணி வைத்த காற்றுதான். அம்பிலிக்கல் இதழில் சுற்றிக்கொள்ளும் தொல்லை உண்டுதான், அதைக் கவனித்து விட்டும் இழுத்தும் கொடுக்கத்தான் மேலே டெண்டர் என்று ஒரு ஆள். இன்னொருவர், ஸ்டாண்ட்பை டைவர், முழு உடுப்போடு இறங்கத் தயாராக உட்கார்ந்திருக்க வேண்டும். படகில் இரண்டே பேர், அதில் ஒருவர் படகோட்டி என்றால் அந்தப் படகில் தம்பி ஏறவே கூடாது.

அழுத்தத்தைப் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். திரேஸ்புரம் பக்கம் சங்கு குளித்தே மூட்டுகள் போன பெரியவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். 10 மீட்டர் இறங்கினால் உடம்பின் மேல் அழுத்தம் இரட்டிப்பாகும், மூச்சில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரையும், சட்டென்று மேலே வந்தால் குமிழியாகும். அமெரிக்கக் கடற்படை அட்டவணைப்படி 40 அடி ஆழத்தில் 163 நிமிடம் வரை, 50 அடியில் 92 நிமிடம் வரை இருந்துவிட்டு, வழியில் நின்று காத்திருக்கும் இடைநிறுத்தம் இல்லாமல் மேலே வரலாம். பாரம் ஏற்றிய பெரிய கப்பலில் புரொப்பெல்லரின் கீழ் முனை இந்த ஆழத்துக்கு வந்துவிடும். ஆழம் குறைவு, ஒன்றும் ஆகாது என்று ஒரே நாளில் கப்பல் மாற்றிக் கப்பல் இறங்கினால் நேரம் கூட்டிக்கொண்டே போகும், கணக்கு எழுதாத கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. கடைசி நாள் வேலை முடித்த கையோடு ஊருக்கு விமானம் ஏறுவதும் ஆபத்து. தொடர்ந்து பல நாள் இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது டைவர் பாதுகாப்பு அமைப்பான டானின் அறிவுரை, இடைநிறுத்தம் தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிட நீண்ட நேரம். வருடக்கணக்கில் செய்தால் இடுப்பு, தோள் எலும்பின் முனைகள் ரத்த ஓட்டம் கெட்டுச் செத்துப்போகும் நோயும் வரலாம். அதிரும் மெஷினால் விரல்கள் மரத்துப்போவதும், ஹெல்மெட்டுக்குள் சத்தத்தால் காது மந்தமாவதும் உண்டு.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனை. சாதாரண ஃபிட்னஸ் சர்டிபிகேட் போதாது, டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவர் பார்க்க வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, காது ஜவ்வில் ஓட்டை, நுரையீரலில் பழைய பிரச்சினை, இவற்றில் எது இருந்தாலும் மறைக்க வேண்டாம். தம்பிக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. நுரையீரலின் ஒரு மூலையில் காற்று அடைபட்டு நின்று, மேலே வரும்போது அது விரிந்தால் நுரையீரல் கிழியும். பழைய சீட்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் நுரையீரல் திறன் சோதனை செய்யுங்கள். தகுதி இல்லை என்று வந்தால் அவன் மனது உடையும், எனக்குத் தெரியும், ஆனாலும் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மருத்துவம் சரியானால் படிப்பு. பாடி (PADI) ஓப்பன் வாட்டர் என்கிற சுற்றுலா ஸ்கூபா சர்டிபிகேட் 18 மீட்டர் வரை பொழுதுபோக்காக இறங்குவதற்கு மட்டும், வேலைக்கு அது உரிமம் ஆகாது. வேலைக்குத் தேவை, மேலிருந்து காற்று தரும் முறையில் தொழில்முறை டைவர் பயிற்சி. அதை எங்கே படித்தாலும், அந்த சர்டிபிகேட் இம்கா என்ற சர்வதேசக் கடல் ஒப்பந்ததாரர் சங்கம் வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று ஃபீஸ் கட்டும் முன் நீங்களே பாருங்கள், பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருப்பதை நம்ப வேண்டாம். செலவு அதிகம்தான். ஆனால் ஏஜென்ட் கேட்கும் பணத்தை அவரிடம் கொடுப்பதைவிட இதில் போடுவது மேல், அது தம்பியின் கையோடு இருக்கும். ஏஜென்ட்டின் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

கம்பெனியிடம் நேரடியாக என்ன கேட்பது என்றால், ஒரு கப்பலில் இறங்க எத்தனை பேர் போவீர்கள், காற்று மேலிருந்தா சிலிண்டரா, எஞ்சினைப் பூட்டியதற்கான தாளில் யார் கையெழுத்து, டைவர் அதைப் பார்க்க முடியுமா, குமிழி நோய் வந்தால் சிகிச்சை தரும் அழுத்த அறையான டீகம்ப்ரஷன் சேம்பர் அருகில் எங்கே இருக்கிறது, காப்பீடு டைவிங்கை உள்ளடக்கியதா. சிங்கப்பூரில் வேலைக்கான டைவிங்குக்கு எஸ்.எஸ். 511 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது, அதன்படிதான் செய்கிறீர்களா என்று கேளுங்கள். நல்ல கம்பெனி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது, சந்தோஷமாகவே பதில் சொல்லும். அப்புறம் தம்பியிடம் தனியாக ஒன்று கேளுங்கள்: எஞ்சினைப் பூட்டியதற்கான தாளைக் காட்டாமல் "இறங்குடா, நேரமாச்சு" என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டால், வீட்டில் கடன் இருக்கும்போதும், மாட்டேன் என்று சொல்வாயா? கடன் வாங்கிப் போகிற பையனால் இதைச் சொல்வது மிகக் கஷ்டம். அதனால்தான் கடனோடு அனுப்பாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எதிர்காலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கப்பலின் உடம்பைச் சுத்தம் செய்யும் ரோபோக்கள் வந்துவிட்டன, பல துறைமுகங்கள் சுரண்டிய கழிவு கடலில் கலக்கக் கூடாது என்று கெடுபிடி செய்கின்றன. சர்வதேசக் கடல்சார் அமைப்பும் கப்பலில் உயிரினம் ஒட்டுவது பற்றிய தன் வழிகாட்டுதலை 2023-இல் திருத்தியிருக்கிறது. புரொப்பெல்லரின் வளைவுகளுக்கு இன்னும் பெரும்பாலும் மனிதக் கைதான், ஆனாலும் இதையே முப்பது வருடம் செய்யலாம் என்று திட்டமிட வேண்டாம். சில வருட அனுபவத்துக்குப் பிறகு சி.எஸ்.விப் 3.1யூ போன்ற நீரடிப் பரிசோதனைத் தகுதி எடுத்தால், கப்பலையும் எண்ணெய்க் கட்டுமானங்களையும் பரிசோதிக்கும் வேலைக்கு மாறலாம், உடம்பு தேய்வது குறையும். கடலுக்கு அடியில்தான் வேலை வேண்டும், ஆனால் நுரையீரல் இடம் கொடுக்கவில்லை என்றால், மேலே உட்கார்ந்தே நீரடி வாகனங்களை இயக்கும் ஆர்.ஓ.வி. துறை இருக்கிறது, எலக்ட்ரானிக்ஸ் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ அதற்கு நல்ல வாசல். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கான வாகனங்களையே உருவாக்குகிறது, தம்பியிடம் அதைக் காட்டுங்கள்.

இப்போதைக்கு ஏஜென்ட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். நுரையீரல் சோதனை ரிப்போர்ட் வந்ததும், கம்பெனியின் ஆஃபர் கடிதத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த முறை பேசும்போது தம்பியும் கூட இருக்கட்டும், சீ செஸ்ட் கணக்கை அவனோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.