தினமும் தண்ணீர் ஊற்றியும் வாடும் தொட்டிக் கறிவேப்பிலை

வணக்கம். 12 அங்குலத் தொட்டியில் தினமும் ஒரு டம்ளர் ஊற்றியும் மதியத்தில் செடி துவள்கிறது, கவிழ்த்தால் அடிமண் பொடியாக இருக்கிறது, வேரெல்லாம் மேலேயே பின்னிக் கிடக்கிறது என்கிறீர்கள். உரக் குறை இல்லை, தண்ணீர் ஊற்றும் முறைதான் காரணம். டம்ளர் தண்ணீர் மேல் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிடும். காய்ந்த மண்ணுக்குள் வேர் இறங்காது. மொட்டை மாடி வெயிலில் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான்.

இப்போது நேராக ஊற்றினால் பயனில்லை. தொட்டி மண்ணில் கலந்த தேங்காய் நார்க்கழிவு காய்ந்து சுருங்கி ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கும், தண்ணீர் அதன் வழியே ஓடிவிடும். தொட்டியை அரை மணி நேரம் தண்ணீர் நிறைந்த வாளியில் வைத்து ஊறவிட்டு, எடுத்து முழுக்க வடியவிடுங்கள்.

அதன்பின் விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளையில் வழியும்வரை மெதுவாக, இரண்டு தவணையாக ஊற்றுங்கள். 2 லிட்டராவது பிடிக்கும். கோடையில் தினமும்கூட தேவைப்படலாம், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையே போதலாம்; நாள் கணக்கை நம்பாதீர்கள்.

தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். காற்றில்லாத ஈரத்தில் வேர் பழுப்பாகிக் குழையும், நாறும். அப்போதும் செடி இதே மாதிரிதான் துவளும், அதைப் பார்த்து மேலும் ஊற்றிக் கொன்றுவிடுவார்கள். அடியில் ஜல்லி போடுவதும் வீண், ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் நெருங்கி வரும்.