நில விலையா, கட்டுமானச் செலவா? எதைப் படிப்பது?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பொருளியல், கணிதம் ஆகிய பாடங்களோடு எஸ்டிபிஎம் தேர்வு எழுதியிருக்கிறேன். ஓர் ஊரில் நில விலை ஏன் ஏறுகிறது, யாரால் அங்கே தொடர்ந்து குடியிருக்க முடிகிறது என்பதைப் படிக்க விரும்புகிறேன். கட்டுமான வேலைகளில் துணைக் குத்தகையாளரான அப்பாவோ, கட்டுமான நிர்வாகம் படித்தால்தான் பிழைக்கலாம் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?"

நீங்கள் படிக்க விரும்புவது நகர்ப்புறப் பொருளியல். அந்தப் பெயரிலேயே இளங்கலைப் பட்டம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மலேசியாவில் அது பெரும்பாலும் சொத்துடைமை (ரியல் எஸ்டேட்), நகரத் திட்டமிடல், பொருளியல் ஆகிய பட்டங்களுக்குள் ஒரு பாடமாகவே வருகிறது. கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகம் சொத்துடைமைப் பட்டத்தையும், கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடக் கற்றுத்தரும், கியூ.எஸ். என்று எல்லாரும் சுருக்கிச் சொல்லும் குவாண்டிட்டி சர்வேயிங் பட்டத்தையும் ஒரே புலத்தில் நடத்துகிறது. உங்களுக்கு இன்னும் அருகில், பினாங்குத் தீவின் மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், 1972இல் தொடங்கிய வீடமைப்பு, கட்டட, திட்டமிடல் துறையில் கட்டுமான நிர்வாகம், கியூ.எஸ்., நகரத் திட்டமிடல் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

உங்கள் விருப்பமும் அப்பாவின் யோசனையும் எதிரெதிரானவை என்று நான் நினைக்கவில்லை. இரண்டும் ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன. ஒரு மேம்பாட்டாளர் 10 கோடி ரிங்கிட்டுக்கு விற்கக்கூடிய அடுக்குமாடியைத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானச் செலவு 5.5 கோடி, கட்டணங்களும் வட்டியும் பிற செலவுகளும் 1.5 கோடி, அவர் எதிர்பார்க்கும் லாபம் 1.8 கோடி என்றால், நிலத்துக்கு அவர் கொடுக்கக்கூடியது எஞ்சும் 1.2 கோடி மட்டுமே. கட்டுமானச் செலவு பத்து விழுக்காடு ஏறினால் அந்த 1.2 கோடி 65 லட்சமாகச் சுருங்கிவிடும், ஏறக்குறைய பாதி. மேலே உள்ள 10 கோடியைத் தீர்மானிப்பது நகர்ப்புறப் பொருளியல். அடுத்து வரும் 5.5 கோடியைக் கட்டுக்குள் வைப்பது கட்டுமான நிர்வாகம். ஒன்றை மட்டும் அறிந்தவர் இந்தக் கணக்கின் பாதியை மட்டுமே படிக்க முடியும்.

நீங்கள் கேட்கும் கேள்விக்கு, கடலுக்கு அக்கரையில் உள்ள ஜார்ஜ்டவுனைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. நம்மவர்கள் கடைத்தெரு என்றழைக்கும் லெபோ பசாரைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகளில் பல, 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பிடியில் நெடுங்காலம் இருந்தன. வாடகை குறைவு என்பதால் குடும்பங்களும் சிறுதொழில்களும் அங்கே நிலைத்தன. அதே காரணத்தால் கூரை ஒழுகினாலும் பழுதுபார்க்க உரிமையாளர்களுக்கு மனம் வரவில்லை. அந்தச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்காலச் சலுகையும் 1999 முடிவோடு தீர்ந்ததும் வாடகை ஏறியது, பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தகுதி வந்தபின் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டுப்பாடு சரியா தவறா என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாத இந்த ஊரில் நீங்கள் படகேறி வந்து நடந்தே படிக்கலாம் என்பது ஒரு வசதி.

இனி அப்பாவின் பக்கம். கட்டுமான நிர்வாகம் என்றதும் தலைக்கவசம் அணிந்து வெயிலில் நிற்பதுதான் பலருக்குத் தோன்றும். உண்மையில் பெரும்பகுதி அளவுகளும் ஒப்பந்தக் கடிதங்களும்தான். வரைபடத்தைப் பார்த்து ஒரு சுவரை அளக்கும் மாணவர், 0.9 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள ஒரு கதவுத் திறப்பைக் கழிக்க மறந்தால் 1.89 சதுர மீட்டர் கூடுதலாகிறது. அதே தவறு 400 வீடுகளில் தொடர்ந்தால் 756 சதுர மீட்டர் செங்கல் வேலை இல்லாமலேயே விலைப்பட்டியலில் ஏறிவிடும். ஒப்பந்தப் பாடத்தையும் அசட்டை செய்யாதீர்கள். 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் உள்ள கட்டுமானக் கட்டணத் தீர்ப்புச் சட்டம், "மேலே எனக்குப் பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்ற நிபந்தனையைச் செல்லாததாக்கிவிட்டது. துணைக் குத்தகையாளரின் மகளுக்கு இதன் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் பரிந்துரை, முதல் பட்டமாகக் கியூ.எஸ்.; இரண்டாவது தேர்வாகக் கட்டுமான நிர்வாகம். காரணம், 1967ஆம் ஆண்டு கியூ.எஸ். சட்டப்படி அது பதிவு பெற்ற தொழில். அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தோடு கியூ.எஸ். வாரியத்தில் பதிந்து, அனுபவமும் தகுதித் தேர்வும் முடித்துத் தொழில்முறை உறுப்பினராகலாம். நகர்ப்புறப் பொருளியலுக்கு அப்படியொரு பதிவு இல்லை, ஆனால் அதை விருப்பப் பாடமாக எடுத்து, ஆய்வேட்டுத் தலைப்பாகவும் வைத்துப் பின்னர் முதுகலையில் முழுமையாகத் தொடரலாம். தலைகீழாகச் செய்வது கடினம். தனியார் கல்லூரியைப் பார்ப்பதானால், கட்டணம் கட்டுமுன் அந்தப் பட்டம், அங்கீகாரம் பெற்ற படிப்புகளைப் பட்டியலிடும் மலேசியத் தகுதிப் பதிவேட்டிலும் கியூ.எஸ். வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலிலும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு விண்ணப்பத்தில் வரிசையைப் பூர்த்தி செய்யுமுன், முடிந்த வேலைக்குப் பணம் கேட்டு அப்பா கடைசியாக அனுப்பிய வேலை முன்னேற்றக் கோரிக்கையை வாங்கிப் படியுங்கள். எவ்வளவு வேலை முடிந்தது, பிடித்தம் எவ்வளவு, எந்த வரியை மேல் குத்தகையாளர் வெட்டினார் என்று அவரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். அந்தத் தாள் உங்களுக்குச் சலிப்பூட்டினால், சொத்துடைமைப் பட்டத்தை முதலிடத்தில் எழுதுங்கள்.