நெஞ்சுவலி: எந்த மாத்திரை முதலில்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. நெஞ்சு வலித்தால் உடனே சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் ஈக்கோஸ்பிரின் 75-ம் இருக்கிறது. எதைக் கொடுப்பது? – வாசகி, நாமக்கல்

பதில்: முதல் வேலை 108-ஐ அழைப்பது. அடுத்தது ஆஸ்பிரின், அதாவது உங்கள் வீட்டிலுள்ள ஈக்கோஸ்பிரின்.

மாரடைப்பில் இதயத் தமனியை அடைப்பது ரத்தக்கட்டி. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அந்தக் கட்டி வளராமல் ஆஸ்பிரின் தடுக்கிறது. சார்பிட்ரேட் ரத்தக்குழாயைத் தளர்த்தி வலியைக் குறைக்கும். கட்டியை ஒன்றும் செய்யாது. வலி குறைந்ததும் 'சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து.

ஈக்கோஸ்பிரின் 75-ல் 4 மாத்திரை, மொத்தம் 300 மி.கி. கட்டாயம் மென்று விழுங்க வேண்டும். குடலில் போய்க் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரை அது. முழுசாக விழுங்கினால் வேலை தொடங்கவே மணிக்கணக்காகும். ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தம் கசியும் வயிற்றுப்புண், முன்பு மூளையில் ரத்தக்கசிவு இருந்தவர்களுக்குத் தரக்கூடாது. முதுகைக் கிழிப்பது போன்ற வலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி இருந்தாலும் வேண்டாம். அது மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிசலாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம்.

சார்பிட்ரேட் 5 மி.கி.யை, மருத்துவர் ஏற்கெனவே அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், உட்கார வைத்துக் கொடுங்கள். மயக்கமாக வந்தாலோ, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழ் இருந்தாலோ கூடாது. ஆண்மைக்குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபிலை 24 மணி நேரத்துக்குள், டாடாலாஃபிலை 48 மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருந்தாலும் கூடாது. அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கூச்சப்பட்டு இதை மறைப்பவர்கள் உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

பெரிய மருத்துவமனை தூரமா? தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் (இதுவும் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுப்பது) 4, அட்டோர்வாஸ்டாடின் (கொழுப்பைக் குறைப்பது) 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

கேள்வி: வாயுப்பிடிப்பா, மாரடைப்பா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? – வாசகர், தேனி

பதில்: முடியாது. சோடா குடித்து ஏப்பம் வந்ததும் வலி குறைந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், மேல்வயிற்றில் பாரம் மட்டும் வரலாம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். வலி தொடங்கிய நேரத்தைக் குறித்து வையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். கொடுத்த மாத்திரைகளின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.