ரொம்ப நாள் ஓடிய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் ஒன்றுக்குப் புதிய குழு வந்து உண்மையிலேயே உயிர் கொடுத்தது என்றால் எதைச் சொல்வீர்கள்?

டேர்டெவில். 2011இல் கதாசிரியர் மார்க் வெய்டும் ஓவியர்கள் பாவ்லோ ரிவேராவும் மார்கோஸ் மார்ட்டினும் சேர்ந்து மறுபடி ஒன்றாம் நம்பர் இதழிலிருந்து ஆரம்பித்தார்களே, அந்தத் தொடர்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மாட் மர்டாக் நியூயார்க்கில் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில் வக்கீல். சிறுவனாக இருந்தபோது லாரியில் அடிபடப்போன ஒரு பெரியவரைத் தள்ளிவிட்டுக் காப்பாற்றுகிறான், லாரியிலிருந்த கதிரியக்கப் பொருள் முகத்தில் பட்டுப் பார்வை போகிறது, மற்ற புலன்கள் பல மடங்கு கூர்மையாகின்றன, கூடவே சுற்றியிருப்பதை உணரும் ராடார் மாதிரி ஒன்றும் வந்துவிடுகிறது. வளர்ந்ததும் முகமூடி போட்டுக்கொண்டு குற்றவாளிகளோடு மோதும் டேர்டெவில் இவன்தான். 1964இல் ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் உருவாக்கியபோது அவன் நல்ல துடுக்கான ஆள். 1979இல் ஃபிராங்க் மில்லர் ஓவியராக வந்தார், கொஞ்ச நாளில் எழுதவும் தொடங்கினார், கதை இருட்டுக்குள் போனது. அந்த இருட்டு அபாரமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்குப் பின் வந்த பலரும் அதே இருட்டுக்குள்ளேயே இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். காதலித்தவர்கள் சாகிறார்கள், டேர்டெவில் யார் என்பது பத்திரிகையில் வெளியாகிறது, ஜெயிலுக்குப் போகிறான், கடைசியில் 2010இல் நிஞ்ஜா கூட்டத்துக்கே தலைவனாகி, உள்ளே ஒரு தீய சக்தி புகுந்து, கொலையும் செய்துவிடுகிறான். அதோடு நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். இந்த மனிதனை இதற்கு மேல் என்ன செய்வார்கள் என்று ஆர்வமே போய்விட்டது.

அப்புறம் ஒரு நண்பன் புதிய முதல் இதழைக் கையில் திணித்தான். அட்டையைப் பார்த்தே உட்கார்ந்துவிட்டேன். டேர்டெவில் வழக்கம்போல்தான் இருக்கிறான், ஆனால் அவனைச் சுற்றியிருக்கும் நகரம் முழுக்க ஓசைச் சொற்களால் ஆனது, எழுத்துகளே பொருள்களின் வடிவத்தை எடுத்து நிற்கின்றன. பார்வையில்லாத ஒருவனுக்கு ஊர் எப்படி இருக்கும் என்பதை ஒரு வரி வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார் ரிவேரா. உள்ளே ராடார் வரும் பேனல்களையும், அதாவது படக் கட்டங்களையும், பாருங்கள். அதுவரை பெரும்பாலும் தலையிலிருந்து வட்ட வட்டமாக அலை போவதுபோல வரைந்து முடித்துவிடுவார்கள். இவர் நிலப்படங்களில் மலையின் உயரத்தைக் காட்டும் கோடுகள் இருக்குமே, அந்த மாதிரிக் கோடுகளை முகத்தின் மேலும் சுவரின் மேலும் ஓடவிட்டார். மூக்கு எங்கே எழும்புகிறது, கன்னம் எங்கே வளைகிறது என்பது தெரியும், ஆனால் நிறம் கிடையாது, எழுத்து கிடையாது. அவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்குச் சரியாகப் புரிந்தது அப்போதுதான், அதுவரை அத்தனை வருஷம் படித்திருந்தும்.

இதை 'ஜாலியான டேர்டெவில்' என்று சிலர் சொல்வார்கள், அது பாதிதான் சரி. வெய்ட் பழைய கதை எதையும் அழிக்கவில்லை. அத்தனையும் நடந்தது, அத்தனையும் மாட் மர்டாக்குக்கு நினைவிருக்கிறது, இனியும் அப்படியே போனால் நாம் பிழைக்க மாட்டோம் என்று அவனே சிரித்த முகமாக இருப்பதென்று முடிவெடுக்கிறான். அவனோடு சேர்ந்து வக்கீல் அலுவலகம் நடத்தும் நண்பன் ஃபாகி நெல்சனுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, நமக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். பழைய சங்கடங்களிலிருந்தே புதுக் கதை பிறப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டேர்டெவில் யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டதால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு அதையே கிளப்பி வழக்கைக் கெடுத்துவிடுகிறது, அவனால் வாதாட முடியவில்லை. சரி, கட்சிக்காரர்கள் தங்களுக்காகத் தாங்களே வாதாடட்டும், நாம் பின்னாலிருந்து சொல்லிக்கொடுப்போம் என்று இரண்டு பேரும் அலுவலகத்தின் வேலையையே மாற்றிவிடுகிறார்கள்.

ஒரே ஒரு இதழ்தான் படிப்பேன் என்றால் 7ஆம் இதழைப் படியுங்கள். கிறிஸ்துமஸ் சமயம். அலுவலக விருந்துக்கு மாட் 'நான் டேர்டெவில் இல்லை' என்று எழுதிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வருகிறான். அதன் பிறகு பார்வையற்ற குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போகும்போது பனிப்புயலில் விபத்து, டிரைவர் இறந்துவிடுகிறார். பனி எல்லா ஓசையையும் விழுங்கிவிடுவதால் அவனுக்கு ராடாரும் சரியாக உதவவில்லை, உடம்பிலும் அடி. குழந்தைகளை ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி நடத்திக்கொண்டு போகிறான், ஒரு கட்டத்தில் அவனே விழுந்துவிடுகிறான். அதுவரை அவன் தைரியம் சொல்லிக்கொண்டு வந்த பிள்ளைகள் அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். வில்லனே இல்லாத கதை இது. காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருது, 2012இல் சிறந்த தனி இதழுக்காக இதற்குத்தான் கிடைத்தது, அதே வருஷம் சிறந்த தொடர் விருதும் சிறந்த எழுத்தாளர் விருதும் இந்தக் குழுவுக்கே வந்தன.

ரிவேராவும் மார்ட்டினும் பிறகு விலகினார்கள். 12ஆம் இதழிலிருந்து ஓவியர் கிறிஸ் சாம்னி வந்தார், தரம் இறங்கவேயில்லை, 2015 வரை வெய்டும் அவரும் சேர்ந்து கொண்டுபோனார்கள், இடையில் மாட் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே குடிபெயர்ந்துவிடுகிறான். ஃபாகிக்குப் புற்றுநோய் என்று தெரியவரும் பகுதியும் இவர்கள் காலத்தில்தான். அதை ராத்திரி படிக்க ஆரம்பிக்காதீர்கள், நான் அப்படித்தான் ஆரம்பித்து விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.