கோசுமெல்லா, பொனேரா? நான்கே டைவ் முடித்த தம்பதிக்கு

கோசுமெல், பொனேர் என்ற இரு கரீபியன் தீவுகளில் எங்கே ஸ்கூபா டைவிங் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். பொனேரையே எடுங்கள். ஓப்பன் வாட்டர் என்ற தொடக்கநிலை டைவிங் சான்றிதழும் நான்கே டைவும் உள்ள உங்கள் இருவருக்கும் கோசுமெல் இப்போது வேண்டாம்.

போன முறை நீரோட்டம் இழுத்ததில் மனைவி பயந்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். கோசுமெல்லில் டைவிங் என்பதே பெரும்பாலும் அந்த ஓட்டத்தோடு போவதுதான். நீருக்குள் மேலே போகாமலும் மூழ்காமலும் மிதப்பைச் சரிசெய்வது இன்னும் கைவராதவர்களுக்கு அது சிரமம். பொனேரின் மேற்குக் கரை காற்று மறைவான பக்கம், தண்ணீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பவளத்திட்டும் நீந்திப் போகும் தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது. பதறினால் மெதுவாகத் திரும்பிக் கரையேறலாம், படகுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பயந்தவருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

பணம் கட்டும் முன் ரிசார்ட்டுக்கு எழுதிக் கேளுங்கள்: கடலில் இறங்கச் சொந்தப் படித்துறை உண்டா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், படித்துறை இல்லாத இடங்களில் கரை முழுக்க உடைந்த பவளக்கல், வழுக்கும். கெட்டியான அடியுள்ள டைவிங் பூட்ஸ் அவசியம். கிழக்குக் கரையில் அலை அதிகம், அங்கே இறங்காதீர்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள்.