டர்பன் உம்கேனி ஆற்றங்கரையில் மீன்கொத்திக் குஞ்சுகளை ஆவணப்படம் எடுப்பது எப்படி?

கருப்பு வெள்ளை மீன்கொத்தி என்றால் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பாருங்கள். செங்குத்தான மண்கரையில் ஒரு மீட்டருக்கு மேல் நீளும் வளை. குஞ்சுகள் அதன் கடைக்கோடியில் இருக்கும். கேமராவை உள்ளே நுழைக்கவோ கரை விளிம்பில் ஏறி நிற்கவோ வேண்டவே வேண்டாம். மண் சரிந்தால் குஞ்சுகள் உயிரோடு புதைந்துவிடும்.

மறைவுக் கூடாரத்தை முதலில் 40 மீட்டர் தள்ளிப் போட்டு, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். பறவை மீனோடு கிளையிலேயே உட்கார்ந்து கத்தினால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள், உள்ளே குஞ்சுகள் பசியோடு காத்திருக்கின்றன.

அலகில் மீனின் தலை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஊட்டப் போகிற மீன். அப்போதே வளை வாயில் ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். வினாடிக்கு 120 ஃபிரேம், ஷட்டர் வேகம் 1/1000 வினாடி. வேகத்தை அதற்கும் குறைத்தால் சிறகு மங்கிவிடும். மூன்றாவது பறவை ஒன்று மீன் கொண்டுவந்தால் குழம்ப வேண்டாம்: இந்த இனத்தில் உதவிப் பறவைகளும் ஊட்டும். அந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.